புல்லுக்கு ஓய்வு

அக்காவுக்கு மல்லாந்து படுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதற்குள் ஓர் அரசாங்கத் துறை, ஓர் இயக்குநர், ஒலிபெருக்கி, விசில், கேமரா எல்லாம் எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டால், தலையாட்டிக்கே இன்று வரை சரியாகச் சொல்லத் தெரியாது.

தலையாட்டி என்பது கடையில் அவனுக்கு வைத்த பெயர். பெரிய செருப்புக் கடை ஒன்றில் விற்பனையாளன். குட்டி முக்காலியில் உட்கார்ந்து ஊரார் கால்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிப் பார்ப்பது அவன் வேலை. வாடிக்கையாளர் "கடிக்குதே" என்றால், "ஆமாங்க, கடிக்கும்" என்பான். அடுத்த நிமிடமே அவர் "இல்ல, பரவால்ல" என்றால், "ஆமாங்க, பரவால்ல" என்பான். இரண்டுக்கும் தலை ஒரே மாதிரி ஆடும். கெட்டவன் என்று சொல்ல முடியாது. எதிரே நிற்பவர் முகம் சுளித்தால் அவனால் தாங்க முடியாது. இந்த ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு கீழே இறங்க முடியும் என்பதை அவனும் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் துணி தேய்த்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தலையாட்டிக்கு மூக்கொழுகும் வயசு. பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்த ஆணியிலிருந்து தன் பையைக் கழற்றிவிட்டு, சலவைக் கூடத்தில் கொடுத்த ஏப்ரனை மாட்டினாள். அன்றைக்கு நிற்க ஆரம்பித்தவள்தான். போர்வை, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு என்று நாள் முழுக்க நின்றபடியே தேய்த்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள், படிப்பு ஏறவில்லை என்றதும் கடையில் சேர்த்துவிட்டாள். கெண்டைக்கால் நரம்பெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிப் புடைத்த பிறகு, அவள் தேய்த்த கோட்டையே போட்டுக்கொண்டிருந்த டாக்டர், "இனிமே நிக்கவே கூடாதும்மா" என்று சொன்னார். நிற்க முடியாதவளுக்குச் சலவைக் கூடத்தில் இடம் ஏது? ஒரு மாலையில் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தலையாட்டி கேட்டான்.

"உனக்குன்னு நீ ஒண்ணுமே கேட்டதில்லக்கா. இப்ப கேளு. என்ன வேணும்?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன், சொல்லு."

"புல்லுல மல்லாந்து படுக்கணும்டா. மேல கூரை இருக்கக் கூடாது. வேலையில கூரை, பஸ்ல கூரை, வீட்டுல கூரை. வானத்த நின்னுக்கிட்டுத்தான் பாத்திருக்கேன். படுத்துக்கிட்டுப் பாத்தா எப்படி இருக்கும்?"

தலையாட்டி சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். ஊரில் புல் என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஒரே இடம், ஏரிக்கரையில் உள்ள அரசாங்கப் பூங்கா. விடுமுறை நாளில் அங்கே போவதென்று முடிவாயிற்று. தன் கடையிலிருந்தே மெத்தென்ற அடி வைத்த செருப்பாகப் பார்த்து, அவள் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து, தானே மாட்டிவிட்டான். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கிளம்புகிற காலையில் அக்கா அவனுடைய வெள்ளைச் சட்டையை விரித்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்ல?"

"ஒரு சட்டைதானடா. வெளிய போறோம், கசங்கிப்போய் வருவியா?"

கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அக்கா தேய்த்தால் அப்படித்தான் நிற்கும்.

பூங்காவின் வாசலில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. பூங்கா என்ற சொல் போய், 'பொதுமக்கள் இயற்கை மகிழ்வு வளாகம்' என்று வந்திருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த வாசல் அம்மாள் இருவர் மணிக்கட்டிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டையை ஒட்டினாள்.

"இது எதுக்குங்க?"

"குழுப் பட்டை. ஒரு குழுவுக்கு ஒரு கலர். உள்ள ஒருத்தர் தப்பு பண்ணா யாரோட ஆளுன்னு தெரியணும்ல? ஆரஞ்சு இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். போய்ப் படம் பாருங்க."

"படம் பாக்க வரலம்மா. ஏரிய பாக்க வந்தோம்" என்றாள் அக்கா.

"ஏரியப் பத்தின படம்தான். அதைப் பாத்தாத்தான் ஏரிய பாக்க விடுவோம். திடீர்னு பாத்தா மக்களுக்கு எப்படி ரசிக்கிறதுன்னு தெரியறதில்ல."

ஜன்னல் எல்லாம் அடைத்த ஓர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரையில் ஏரி வந்தது. மரங்கள் வந்தன. மரத்தை அண்ணாந்து பார்ப்பது எப்படி, பார்த்த பிறகு கழுத்தை எப்படி இறக்குவது என்று ஒரு குரல் விளக்கியது. அவர்களோடு உள்ளே வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டன. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் இந்தப் படம் பெரிய வெற்றி என்று துறைக்குள் ஒரு கருத்து இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. ஏரி அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் இருந்தது.

"ஜன்னலத் திறந்தாலே தெரியுமேம்மா" என்றாள் அக்கா.

"ஜன்னலத் திறந்தா படம் தெரியாது" என்றாள் வாசல் அம்மாள்.

ஒரு வழியாக உள்ளே விட்டார்கள். உள்ளே நல்ல நிழல், நல்ல காற்று. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊஞ்சல்கள் பூட்டப்பட்டிருந்தன. ஆட ஆடத் தேய்கிறதாம். மிதிபடகுகளைக் கரையில் கவிழ்த்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமாம். மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஒலிபெருக்கி, 'இது அமைதிப் பகுதி, பறவைகளின் குரலைக் கேட்டு மகிழுங்கள்' என்று இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. சத்தம் பொறுக்காமல் பறவைகள் போய்விட்டதால், அறிவிப்புக்கு நடுவே கிளிச் சத்தத்தையும் அதிலேயே போட்டார்கள்.

அக்கா எதையும் பொருட்படுத்தவில்லை. அவள் கண் ஏரிக்கரைச் சரிவில் இருந்தது. அங்கே புல். அப்படியொரு பச்சை. விரித்துப் போட்ட கம்பளி மாதிரி தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போனது.

"அம்மாடி" என்றாள். குரல் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது.

புல்லைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே, புல்லின் நட்டநடுவே, ஓர் இரும்பு நாற்காலி போட்டுக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கால்களைச் சுற்றிப் புல் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது.

"ஐயா, கொஞ்ச நேரம் படுத்துக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

காவலர் எழுந்தே விட்டார். "படுக்கறதா? அம்மா, புல்லு ஓய்வுல இருக்கு."

"ஓய்வா? புல்லு என்ன வேலை பாத்துச்சு?"

காவலருக்கு இந்தக் கேள்வி பயிற்சியில் வரவில்லை. விசிலை எடுத்து ஊதினார். விசில் சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வந்தார். மெலிந்த மனிதர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வயர்லெஸ், முகத்தில் தூக்கமின்மை.

"படுத்தல் விதியில இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர், பொறுமையாகத்தான். "நிக்கலாம், நடக்கலாம். குறிப்பிட்ட இடத்துல உக்காரலாம். உக்காந்தவர் பார்வையாளர். சாஞ்சவர் சந்தேகத்துக்கு உரியவர். படுத்தவர் குடியிருப்பவர். இன்னைக்குப் படுப்பீங்க, நாளைக்குத் தலையணை கொண்டு வருவீங்க, நாளன்னிக்கு ரேஷன் கார்டு கேப்பீங்க."

"நான் சும்மா வானத்த பாக்கத்தான்..."

"வானம் எங்க துறையில வராதும்மா."

"சரிங்க சார்" என்றான் தலையாட்டி. தலை தானாகவே ஆடியது. அக்கா அவனைப் பார்த்தாள். அவன் வெயிலுக்குச் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டான். "நான் பேசிப் பாக்கறேன்க்கா, நீ கவலப்படாத" என்று மெல்லச் சொன்னான். அந்த நேரத்தில் அதை அவன் உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேசிப் பார்க்க வாய்ப்பும் வந்தது, வேறு ரூபத்தில். அன்று 'பயன்படுத்துவோர் தின விழா'. ஏரிக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். இயக்குநர் வந்து, பூங்காவைச் சிறப்பாகப் பயன்படுத்தும் ஒருவருக்கு 'முன்மாதிரிப் பார்வையாளர்' பட்டம் கொடுக்க வேண்டும். எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. பார்வையாளர்தான் இல்லை. கண்காணிப்பாளர் கயிற்றோரமாக அங்குமிங்கும் ஓடினார். மரத்தடியில் அக்காவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்த தலையாட்டியின் மேல் கண் விழுந்தது. முதலில் சட்டை, அப்புறம் ஆள். புல்லோரம் பார்த்த முகங்கள் அந்த ஓட்டத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தன.

"சார், நீங்க இந்தப் பூங்காவ பயன்படுத்துறீங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்குத் திருப்தியா?"

"ஆமாங்க."

கண்காணிப்பாளர் கண் கலங்கிவிட்டார். பணிக்காலத்தில் இப்படி ஒரு பார்வையாளரை அவர் கண்டதில்லை. "வாங்க சார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அக்கா கையசைத்தாள். "போயிட்டு வாடா. நான் இங்கயே நிக்கிறேன்."

நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியும் இல்லை. பந்தலில் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் வராத அதிகாரி ஒருவரின் பெயர் ஒட்டியிருந்தது. கல் பெஞ்சுகளில் விழாவுக்காக அன்று காலைதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

தலையாட்டியை மேடையில் ஏற்றித் தோளில் ஒரு பட்டுத் துணியைக் குறுக்கே மாட்டினார்கள். கேமராக்காரர் விளக்கைப் போட்டார். வெளிச்சம் முகத்தில் அடித்தபோது அவனுக்கு என்னவோ செய்தது. இத்தனை வருடமாக அவன் மனிதர்களைக் கீழேயிருந்து, முக்காலியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். மேலேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பழக்கப்பட்டுவிடும் போலிருந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். வெள்ளை வெளேரென்ற மனிதர். வெயில் படாத உடம்பு. கைதட்டுவதற்காகப் பூங்கா ஊழியர் அத்தனை பேரையும் பந்தலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். புல் காவலரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அன்பார்ந்த பயன்படுத்துவோரே!" என்று தொடங்கினார் இயக்குநர். பயன்படுத்துவோர் என்று தலையாட்டி ஒருவன்தான் இருந்தான். "நான் பொறுப்பேற்றபோது இந்த வளாகம் எப்படி இருந்தது? எங்கு பார்த்தாலும் மக்கள். மரத்தடியில் மக்கள். கரையில் மக்கள். குழந்தைகள் ஓடின. ஓடுவதற்கு நாங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை, தாங்களாகவே ஓடின. வயதானவர்கள் துறையின் அனுமதி இல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள். நான் மனம் தளரவில்லை. படிப்படியாக மக்களைக் குறைத்தோம். இன்று பாருங்கள்! ஒரு காகிதம் கிடக்கிறதா? ஒரு காலடி தெரிகிறதா? பயன்பாட்டினால் சேதமடையாத பொதுப் பூங்கா இது ஒன்றுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். இதை மக்களுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். யாரிடமிருந்து என்று கேட்டால், அவர்களிடமிருந்துதான்!"

கைதட்டல் எழுந்தது. தலையாட்டியும் தட்டினான்.

"இதோ இந்த இளைஞரைப் பாருங்கள்" என்று அவன் தோளில் கை போட்டார் இயக்குநர். "சட்டையைப் பாருங்கள். ஒரு கசங்கல் உண்டா? பூங்காவுக்கு வந்தும் கசங்காமல் இருக்கிறார் என்றால் என்ன பொருள்? எதிலும் சாயவில்லை, எதையும் தொடவில்லை. இவரைப் போல எல்லாரும் இருந்துவிட்டால் துறைக்கு வேலையே இல்லை. தம்பி, இந்தச் சட்டையை இவ்வளவு அழகாகத் தேய்த்தது யார்?"

மைக் அவன் வாய்க்கு வந்தது. "வீட்டுல" என்றான்.

அந்த நேரத்தில்தான் கேமராக்காரர், பின்னணிக்கு ஏரி நன்றாக விழட்டும் என்று கேமராவைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், புல்லுல ஏதோ கெடக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிச் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், சரிவின் நடுவே, அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். துணிப்பை தலைக்கு. கைகள் இரண்டும் அகல விரிந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. நின்று நின்று முடியாமல் போய்ப் படுத்தவள், வானத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள்.

அக்கா தூங்கித் தலையாட்டி பார்த்ததே இல்லை. அவன் தூங்கிய பிறகுதான் படுப்பாள், எழுவதற்கு முன் எழுந்துவிடுவாள். அந்த முகத்தில் அப்படி ஓர் அமைதி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடியிலேயே இறங்கி ஓடியிருக்கலாம்.

"போராட்டமா?" என்றார் இயக்குநர், குரல் நடுங்க. "யாருடைய ஆள்? எந்த அமைப்பு?"

விசில்கள் பறந்தன. புல் காவலர் இரும்பு நாற்காலியுடனேயே ஓடினார். கண்காணிப்பாளர் வயர்லெஸ்ஸில், "ஒரு கிடைநிலை, ஒரு கிடைநிலை, பெண்" என்று அலறினார். காவலர் அங்கிருந்தே கத்தினார்: "கையில ஆரஞ்சுப் பட்டை சார்!"

"ஆரஞ்சு யாரு? ஆரஞ்சுக் குழு யாரு?" என்று கேட்டுக்கொண்டே கண்காணிப்பாளர் மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

யாரும் தலையாட்டியைப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் கைகள் ஒரு காரியம் செய்துவிட்டன. மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைக் கீழே இறக்கி, மணிக்கட்டுப் பட்டைக்கு மேலாக இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டன. கைகள் செய்தன என்று சொல்வது சும்மா. செய்தவன் அவன்தான்.

"நீங்க அந்தப் பக்கந்தானே நின்னீங்க?" என்று கண்காணிப்பாளர் அவனிடம் திரும்பினார். "உங்க கூட வந்தவங்களா?"

இயக்குநரின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது, மைக் இன்னும் அவன் வாயருகே இருந்தது. கேமரா விளக்கு முகத்தில் எரிந்தது. 'ஆமாங்க' என்பதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவன் அவன். சொல்லியே ஆக வேண்டிய ஓர் இடத்தில் அது வரவில்லை.

"இல்லீங்க" என்றான்.

அதற்குள் அக்காவை எழுப்பி, இரண்டு பக்கமும் பிடித்து மேடைக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். தலைமுடியில் புல் ஒட்டியிருந்தது. தூக்கம் கலையாத கண்ணோடு பந்தலைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், மேடையில் பட்டுத் துணியோடு நிற்கும் தம்பியைப் பார்த்தாள். சிரிக்கப் போனாள். பிறகு அவள் பார்வை அவனுடைய சட்டைக் கைக்கு இறங்கியது. பொத்தான் போட்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"யார் கூடம்மா வந்தீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"தனியாத்தான் வந்தேன்" என்றாள் அக்கா.

இத்தோடு விட்டிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதிகாரிகளுக்கு யோசனை தோன்றுவது போல ஆபத்து வேறில்லை. "அருமையான சந்தர்ப்பம்! நாம் சொன்னால் அதிகாரம் என்பார்கள். முன்மாதிரிப் பார்வையாளரே இந்த அம்மையாருக்கு இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லட்டும். மக்களுக்கு மக்களே! தம்பி, விரலை நீட்டிச் சொல்லுங்கள், படத்தில் நன்றாக விழும்."

தலையாட்டி மைக்கை வாங்கினான். அவன் விரல் நீண்டது. வாயைத் திறந்தபோது வந்த குரல் கடையில் வரும் குரல்தான், மரியாதையான குரல்.

"அம்மா... புல்லு ஓய்வுல இருக்குங்க. படுக்கக் கூடாதுங்க."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"சரிங்க சார்" என்றாள்.

கேமரா 'கிளிக்' என்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்காவைப் 'புல் மரியாதை வகுப்பு'க்கு அழைத்துப் போனார்கள். வகுப்பு என்பது வேறொன்றுமில்லை, அதே இருட்டறையில் அதே படம். தலையாட்டிக்குப் பரிசு கொடுத்தார்கள். பளபளப்பான காகிதம் சுற்றிய பொட்டலம். இயக்குநர் தானே பிரித்துக் காட்டினார். செயற்கைப் புல்லால் செய்த ஒரு கால் விரிப்பு. "இதற்கு ஓய்வு வேண்டியதில்லை" என்று ஒரு நகைச்சுவை சொன்னார். ஊழியர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்பதை மறைப்பானேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். நான்கு தடவை 'அக்கா' என்று ஆரம்பித்தான். நான்கு தடவையும் மேலே போகவில்லை.

அவள்தான் பேசினாள். "நல்ல தூக்கம்டா. வானம் என்னமா இருக்கு தெரியுமா? ரொம்பப் பக்கத்துல வந்துடுது. அப்படியே கண்ணு சொக்கிடுச்சு."

"அக்கா, நான்..."

"பஸ் வருது பாரு. ஏறு."

பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே வந்தான். அது ஒன்றும் பெரிய பிராயச்சித்தம் இல்லை.

துறை அந்த விஷயத்தை லேசில் விடவில்லை. சேதத்தைக் கணிக்க ஒரு குழு போட்டது. குழு வந்து பார்ப்பதற்குள், படுத்துக் கிடந்த புல் தானாக எழுந்து நின்றுவிட்டது. எங்கே படுத்தாள் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குழு கூடிப் பேசி, உத்தேசமாக ஓரிடத்தில் சிவப்புக் கொடிகள் நட்டு, 'பாதிக்கப்பட்ட பகுதி' என்று பலகை வைத்தது. புல்லின் ஓய்வு மறு உத்தரவு வரும்வரை நீட்டிக்கப்பட்டது. காவலரின் நாற்காலிக்குக் கீழே இருந்த மஞ்சள் வட்டங்களைப் பற்றிக் குழு எதுவும் சொல்லவில்லை. அது துறைக்குள் நடந்த பயன்பாடு.

இது போதாதென்று விளம்பரப் பலகை வந்தது. ஒரு நாள் காலை தலையாட்டி கடைக்குக் கிளம்பிப் போனால், தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அவன் நிற்கிறான், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக. தோளில் பட்டுத் துணி, நீட்டிய விரல். கீழே, 'படுக்காதீர்! முன்மாதிரிப் பார்வையாளர் சொல்கிறார்' என்று எழுதியிருந்தது. விரலின் எதிரே இருந்த பெண்ணின் முகத்தை நாகரிகம் கருதி மங்கலாக்கியிருந்தார்கள். தலையில் ஒட்டியிருந்த புல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கடையில் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். முதலாளி எழுந்து கை கொடுத்தார். வாடிக்கையாளர்கள் "பலகையில இருக்கறது நீங்கதானே?" என்று கேட்டார்கள். அவன் தலை ஆடியது. அன்றிலிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய் பஸ் ஏறினான். அக்காவைத் தெருமுனைப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டான். காய்கறியிலிருந்து தீப்பெட்டி வரை அவனே வாங்கி வந்தான். "என்னடா திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்று அவள் கேட்டாள். அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டதும் ஒரு தண்டனைதான்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்குத் தெருமுனைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தார்கள். பலகை முன் அக்கா நின்றாள். தலையாட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூமி பிளக்காதா என்றிருந்தது அவனுக்கு. அவள் வெகு நேரம் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை, மங்கலாக்கிய முகத்தையும் பார்க்கவில்லை. அவன் சட்டையையே பார்த்தாள்.

"அக்கா, என்னைத் திட்டுக்கா" என்றான். "நாலு அறை வேணா விடு. அன்னைக்கு நான் உன்னத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்டா. கேட்டுச்சு. மைக்குல சொன்னியே."

அக்கா பலகையில் அவன் மணிக்கட்டு இருந்த இடத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இங்க பாரு, பட்டைய மறைக்கக் கைய அவசர அவசரமா இழுத்து விட்டியா, மடிப்பெல்லாம் கலைஞ்சு கசங்கிப்போயிருக்கு. இத்தன பேர் பாக்கற படத்துல. காலையில நான் நல்லாத்தான் தேச்சுக் குடுத்தேன்."

பஸ் வந்தது. ஏறினார்கள். வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, கூரைக்கு மேலே என்ன தெரிகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அவன் கண் விழித்தபோது அறையில் சூடான துணி வாசனை வந்தது. அவன் அலமாரிக்கு அடியில் துணிக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்த பரிசு விரிப்பு, தேய்ப்பு மேசைக்கு முன்னால் விரிந்து கிடந்தது. மேசையில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது.

"நிக்காதக்கா" என்றான்.

"கை மட்டும்தான்டா, ஒரு நிமிஷம். இது எங்க கெடச்சுது உனக்கு? காலுக்கு மெத்துனு நல்லா இருக்கு."

அக்கா அந்தப் பிளாஸ்டிக் புல்லின் மேல் நின்றுகொண்டு சட்டைக் கையைத் தேய்த்தாள்.